ஹெஸ்ஸாவின் பை ஏலத்துக்குப் போன கதை

மகன் அஸ்மி, உனக்கு ஸலாம்.

அடுத்த வெள்ளிக்கிழமை நிக்காஹ் முடிந்ததும் நீ அக்கரைப்பற்றுக்குப் போய்விடுவாய். நம் பகுதி வழக்கம் அப்படி. பெண் பிள்ளை தாயின் பக்கத்திலேயே இருக்க, ஆண் பிள்ளைதான் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு இன்னொரு வாசலுக்குப் போகிறான். கல்முனையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணித்தியாலப் பயணம்கூட இல்லை, அதற்கு என்னத்துக்குக் கடிதம் என்று உன் வாப்பா கேட்கிறார். நேரில் சொல்லத் தொடங்கினால் பாதியில் நான் அழுதுவிடுவேன். நீயும் "சரி உம்மா, விடுங்க" என்று எழும்பிப் போய்விடுவாய். கடிதம் என்றால் நீ எழும்பிப் போனாலும் அது அங்கேயே கிடக்கும். ஓ.எல். வரைக்கும் படித்தவள் நான். பிழை இருந்தால், எனக்கு மருமகளாக வரப்போகிற ஷிபானாவிடம் காட்டு. அவளுக்கும் இந்தக் கதையில் பங்கு இருக்கிறது.

பையின் கதை முழுக்க உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். படம் எடுப்பித்ததும், வெளிநாட்டுக்கு எழுதியதும், ஏலத்துக்கு அனுப்பியதும் நீதான். ஆகவே அப்படி நினைப்பது நியாயம்தான். ஆனால் அதற்கு முன்னால் நடந்ததிலும் பின்னால் நடந்ததிலும் நான் உனக்குச் சொல்லாமல் விட்டவை இருக்கின்றன. சில எனக்குப் பெருமை சேர்ப்பவை இல்லை. கலியாணம் முடித்து இன்னொரு வீட்டுக்குப் போகிற பிள்ளை தன் உம்மா யார் என்று தெரிந்துகொண்டு போகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன அடுத்த வருஷம் நான் கட்டாருக்குப் போனேன். நமக்கு அப்போது வீடு இல்லை. தகரக் கொட்டிலில் இருந்தோம். இறக்காமத்தில் வாப்பா குத்தகைக்கு எடுத்த வயலை யானை மிதித்துவிட்டது. உனக்கு ஆறு வயது. உன்னை என் தங்கச்சி, உன் சாச்சியிடம் விட்டுவிட்டுப் போனேன். தோஹாவில் நான் வேலை செய்த வீட்டில் எஜமானியை "மாமா" என்றுதான் கூப்பிட வேண்டும், அரபியில் அதற்கு அம்மா என்று அர்த்தம். முதல் கடிதத்தில் "மாமா நல்லவர், என்னைத் தன் பிள்ளை மாதிரிப் பார்க்கிறார்" என்று எழுதிவிட்டேன். உன் வாப்பா அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் சோறு சரியாகத் தின்னவில்லை என்று சாச்சி பிறகு சொன்னாள். அடுத்த கடிதத்தில் விளக்கி எழுதிய பிறகுதான் அவருக்கு மூச்சு வந்ததாம்.

அங்கே எனக்குச் சமையல் வேலை இல்லை. மாமாவின் மகள் ஹெஸ்ஸாவைப் பார்ப்பதுதான் வேலை. இருபத்துநாலு வயது. எலும்பில் புற்றுநோய். நான் போனபோது சுவரைப் பிடித்து நடந்தாள், பிறகு கட்டிலோடு இருந்தாள். குளிப்பாட்டுவது, மருந்து கொடுப்பது, புண்ணைக் கழுவுவது எல்லாம் நான். என்னை அந்த வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. மூத்த பிள்ளையின் பெயரால் தாயைக் கூப்பிடுவது அவர்கள் மரியாதை. அதனால் நான் "உம்மு அஸ்மி". ஒரு நாளைக்கு ஐம்பது தடவை உன் பெயர் அந்த வீட்டில் ஒலித்தது. உன்னைப் பிரிந்திருந்த எனக்கு அது மருந்தா நஞ்சா என்று இன்றைக்கும் தெரியாது.

ஹெஸ்ஸாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் எப்போதும் அந்தக் கைப்பை இருக்கும். நன்றாகப் பழுத்த நாவற்பழ நிறம். முன்னால் சின்னப் பூட்டு. அவள் வெளியே போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஆனாலும் ஆஸ்பத்திரிக் கடதாசி, சீப்பு, உதட்டுக்குப் பூசுகிற மருந்து எல்லாவற்றையும் அதற்குள்தான் வைப்பாள். எங்கேயோ புறப்படப் போகிறவள் மாதிரி காலையில் ஒருமுறை திறந்து சரிபார்ப்பாள். நான் அந்தப் பையைத் துடைப்பேன், நிமிர்த்தி வைப்பேன். அதன் விலையை ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

இப்போது நான் யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். அவள் மெலிந்துகொண்டே போனபோது விரலில் இருந்த மோதிரம் கழன்று கட்டிலுக்கு அடியில் விழுந்தது. கூட்டும்போது கண்டேன். எடுத்து என் தலையணை உறைக்குள் வைத்தேன். இரண்டு நாள் வைத்திருந்தேன், மகன். நம் கொட்டிலின் தகரத்தையும், மழைக்கு நீ எங்கே படுப்பாய் என்பதையும் நினைத்தேன். மூன்றாம் நாள் சுபஹு தொழும்போது எனக்கு அல்ஹம்து சூறாவே மறந்துபோனது. பிள்ளையில் இருந்து ஓதுகிற சூறா. ஸலாம் கொடுத்த கையோடு போய், மோதிரத்தைக் கண்ட அதே இடத்தில் போட்டேன். நிமிர்ந்தபோது ஹெஸ்ஸா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாகப் பார்த்தாள் என்று தெரியாது. மாமா வந்ததும், "உம்மா, என் மோதிரம் கீழே விழுந்துவிட்டது, உம்மு அஸ்மி கண்டெடுத்தாள்" என்று சொன்னாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒருநாளும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அவள் மௌத்தானபோது மாமாவால் அந்த உடலைப் பார்க்க முடியவில்லை. குளிப்பாட்ட வந்த பெண்ணோடு சேர்ந்து நான்தான் குளிப்பாட்டினேன். நாற்பது நாள் ஆவதற்கு முன்பே நான் ஊருக்குப் புறப்பட வேண்டி வந்தது. வாசலில் வைத்து மாமா அந்தப் பையை என் கையில் திணித்து வேகமாக ஏதோ சொன்னார். "இது உனக்கு" என்பது மட்டும் விளங்கியது. பிளேனில் இருந்து நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இரண்டு வருஷம் பீ மூத்திரம் அள்ளினேன், ஒரு தங்க வளையல் தரக்கூடாதா, செத்த பிள்ளையின் பழைய பையைத் தந்து அனுப்புகிறாரே என்று நினைத்தேன். ஓம், அப்படித்தான் நினைத்தேன். அந்த மனக்குறையோடுதான் அதை அலுமாரிக்குள் வைத்து, காணி உறுதி, கிளினிக் கொப்பி, உன் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் போட்டு, பூச்சி வராமல் இருக்க ஒரு பிடி கராம்பும் போட்டு மூடினேன்.

மற்றது உனக்குத் தெரியும், ஆனாலும் என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். போன ஹஜ் பெருநாளைக்கு நீ கொழும்பிலிருந்து வந்திருந்தாய். ஷிபானா வீட்டுக்குக் கொடுக்க உன் பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்று நான் அலுமாரியைத் திறந்தேன். நீ என் கையில் இருந்த பையைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டாய்.

"உம்மா, இத ஆரு தந்த?"

"மாமா தந்தவ. கட்டார்ல."

நீ வேலை செய்கிற ஹோட்டலில் ஒரு வெளிநாட்டுக்காரியின் பை காணாமல்போய், மூன்று மணித்தியாலம் ஹோட்டலையே புரட்டியதைச் சொன்னாய். கடைசியில் அது நீச்சல் தடாகத்துக்குப் பக்கத்தில் கிடந்ததாம். அதுவும் இதே மாதிரிப் பைதான் என்று சொன்னாய். அப்போது யாரோ உனக்கு விலையைச் சொல்லியிருக்கிறார்கள். நீ அந்தப் பூட்டைத் திருப்பிப் பார்த்தாய், வாரைத் தூக்கி அடியில் இருந்த முத்திரையைப் பார்த்தாய். உன் முகம் மாறியது. பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

"உம்மா, உண்மையச் சொல்லுங்க. இது எப்பிடி வந்த?"

"சொன்னேனே, தந்தவ எண்டு."

"இது சும்மா குடுக்கிற சாமான் இல்ல உம்மா. ஆரும் கேட்டா நான் என்ன சொல்ற?"

நீ குரலை உயர்த்தவில்லை. கெட்ட எண்ணத்தோடு கேட்கவும் இல்லை. ஆனால் எனக்குக் கன்னத்தில் அடித்த மாதிரி இருந்தது. "உன்ட உம்மாவ களவெடுத்தவ எண்டு நினைக்கிறியா?" என்று கத்தினேன். மூன்று நாள் உன்னோடு கதைக்கவில்லை. நீ கொழும்புக்குப் போகும்போதுகூட வாசலுக்கு வரவில்லை. உன் கேள்விக்கு ஏன் அவ்வளவு கோபம் என்று உன் வாப்பாவுக்கும் விளங்கவில்லை. இப்போது உனக்கு விளங்கும். நீ பையைக் கேட்டாய், எனக்கு மோதிரம் ஞாபகம் வந்தது. ஒருவன் கேட்பதற்கு அளவுக்கு மிஞ்சிக் கோபம் வந்தால், அவன் கேட்காத ஏதோ ஒன்றுக்குத்தான் நாம் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஷிபானா எப்போதாவது ஒரு சின்னக் கேள்விக்குப் பொங்கினால் நீயும் பதிலுக்குப் பொங்காதே. கொஞ்சம் பொறு.

நீ பாரிஸில் உள்ள அந்த ஏல நிறுவனத்துக்கு எழுதினாய். அவர்கள் படம் கேட்டார்கள். தையலைக் கிட்டத்தில் எடு, பூட்டை எடு, முத்திரையை எடு என்று போனில் நீ சொல்லச் சொல்ல, நான் பையைத் திருப்பிப் பிடிக்க, வாப்பாதான் எடுத்து அனுப்பினார். பன்றித்தோலாக இருந்தால் வீட்டுக்குள் இருபது வருஷம் வைத்திருந்தோமே என்று அவருக்கு ஒரே பதைப்பு. வெளியே கன்றுத்தோல், உள்ளே ஆட்டுத்தோல் என்று பதில் வந்த பிறகுதான் தொட்டுப் பார்த்தார். அந்தப் பதிலில் இன்னொன்றும் இருந்தது. இந்தப் பை முழுவதையும் ஒரே ஆள்தான் தைத்திருக்கிறான், ஒரு நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, ஒவ்வொரு துளையிலும் இரண்டு பக்கத்தாலும் ஏற்றி இறக்கித் தைத்திருக்கிறான், அவனுடைய அடையாளம் உள்ளே இருக்கிறது என்று. நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். நெல்மணியை விடச் சின்னத் தையல்கள், எல்லாம் ஒரே சரிவில். எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். எங்கேயோ ஒரு நாட்டில் எவனோ ஒருத்தன் நாள்கணக்காகக் குனிந்து இருந்து இதைத் தைத்திருக்கிறான். நான் அதற்குள் கராம்பைப் போட்டு அலுமாரியில் அடைத்துவிட்டு, பழைய பை என்று முகம் சுளித்திருக்கிறேன். அல்லாஹ்வே என்று இருந்தது எனக்கு.

பிறகு அவர்கள் கேட்டது, இது உங்களிடம் எப்படி வந்தது, எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று. நீ போனில் அதை எவ்வளவு தயங்கிச் சொன்னாய் என்பது எனக்குக் கேட்டது. "ஒண்டும் இல்ல" என்று சொல்லிவிட்டேன். அதோடு விஷயம் முடிந்துவிட்டது என்றுதான் நீயும் நினைத்தாய், நானும் நினைத்தேன்.

அந்தக் கிழமைதான் நான் ஷிபானா வீட்டைப் பார்க்க அக்கரைப்பற்றுக்குப் போனேன். இதிலும் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. உன் கலியாணம் இரண்டு முறை தள்ளிப்போனது பெண் வீட்டார் கேட்டதால் என்று நினைத்திருந்தாய். இல்லை மகன். நான்தான். பெண்ணுக்கு வீடு முடித்துத் தருவதாக அவர்கள் ஒத்துக்கொண்டுதான் சம்பந்தம் பேசினோம், மேலே கொங்கிறீட் போடாமல் என் மகன் வரமாட்டான் என்று நான்தான் அவளுடைய உம்மாவிடம் சொன்னேன். தகப்பன் இல்லாத பிள்ளை, தாய் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு சமைத்துக் கொடுத்து அந்தச் சுவர்களை எழுப்பியிருக்கிறாள். அதைத் தெரிந்துகொண்டுதான் சொன்னேன். தகரக் கொட்டிலில் இருந்த எனக்கு, என் மகன் கொங்கிறீட்டின் கீழ் படுக்க வேண்டும் என்று ஒரு வெறி.

அன்றைக்கும் அளந்து பார்க்கத்தான் போயிருந்தேன். பூசாத செங்கல் சுவருக்குள் ஒரு பிளாஸ்டிக் கதிரை போட்டு என்னை இருக்க வைத்தார்கள். ஷிபானா தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவள் மத்ரஸாவில் மௌலவியாவுக்குப் படித்தவள், அரபு தெரிந்தவள் என்பது அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. என் பர்ஸில் ஒரு மடித்த கடதாசி இருந்தது. பையின் உள் அறையில் இருந்தது அது, படம் எடுக்கப் பையை வெறுமையாக்கியபோது பர்ஸுக்குள் எடுத்து வைத்திருந்தேன். அரபு எழுத்து என்பதால் பிரயாண துஆ என்று நினைத்து இத்தனை வருஷமும் பையை எடுக்கும்போதெல்லாம் முத்தமிட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திரும்ப வைப்பேன். குர்ஆனில் எழுத்துக்கு மேலும் கீழும் அகர இகரக் குறி எல்லாம் போட்டிருக்கும், எனக்கு ஓத வரும். இது கையால் கிறுக்கி எழுதியது, ஒரு எழுத்தும் பிடிபடவில்லை.

"மகள், இது என்ன துஆ எண்டு பாத்துச் சொல்லுங்க. மனனம் பண்ணலாம்" என்று கொடுத்தேன்.

அவள் வாங்கிப் படித்தாள். முதலில் உதடு அசைந்தது, பிறகு நின்றுவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமி, இது துஆ இல்ல. இது கடிதம். உங்களைப் பத்தித்தான் எழுதிக் கிடக்கு."

பிறகு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். அந்தக் கைப்பை என் மகள் ஹெஸ்ஸாவுடையது. மௌத்தாவதற்கு ஒரு கிழமைக்கு முன் அதை உம்மு அஸ்மிக்குக் கொடுக்கும்படி அவளே என்னிடம் சொன்னாள். நானும் முழு மனதோடு கொடுக்கிறேன். என் கண்கள் பார்க்கப் பயந்ததை இவளுடைய கைகள் செய்தன. என் பிள்ளைகளுக்கோ அவர்களுடைய பிள்ளைகளுக்கோ இதில் உரிமை இல்லை. விமான நிலையத்திலோ வேறெங்குமோ யாராவது இவளை நிறுத்திக் கேட்டால் என்னிடம் கேளுங்கள். அடியில் மாமாவின் கையெழுத்து, வீட்டு போன் இலக்கம். அதற்கு மேலே என் முழுப் பெயரும் என் பாஸ்போர்ட் இலக்கமும்.

"அவளே சொன்னாள்" என்ற இடத்தை ஷிபானாவை இரண்டாம் முறை படிக்கச் சொன்னேன். மோதிரத்தை நான் திரும்ப வைத்ததைக் கண்டு, எடுத்தவளும் நான்தான் என்று விளங்கிக்கொண்டு, என் மானத்தையும் காத்து, கடைசியில் கையோடு வைத்திருந்த பையையும் எனக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறது அந்தப் பிள்ளை. நான் அந்தக் கதிரையிலேயே இருந்து சத்தம் போட்டு அழுதேன். யாராவது நம்மைப் பற்றி இவ்வளவு நல்லது நினைத்திருந்தார்கள் என்று இருபது வருஷம் கழித்துத் தெரியவந்தால் சந்தோஷம் வரும் என்று நினைப்பாய். முதலில் வருவது பயம். நான் இதற்குத் தகுதியா என்ற பயம். ஷிபானா என் காலடியில் குந்திக்கொண்டு என் கையைப் பிடித்தாள். உள்ளேயிருந்து அவளுடைய உம்மா பதறிக்கொண்டு வந்தாள்.

"என்ன மதினி, என்ன நடந்த? கொங்கிறீட்ட அடுத்த மாசம் எப்பிடியும் போடுறன், கவலப்படாதீங்க" என்றாள்.

என் அழுகைக்கு அவளுக்குத் தெரிந்த ஒரே காரணம் அதுதான். அந்தச் சொல்லைக் கேட்டு நான் பட்ட வெட்கத்தை உனக்கு எழுத எனக்குப் படிப்புப் போதாது. அவளுடைய கையைப் பிடித்து, "மதினி, கொங்கிறீட் கதைய விடுங்க. இந்தப் புள்ளைய எனக்குத் தாங்க, போதும்" என்று சொன்னேன். பிறகு நடந்தது உனக்குத் தெரியும். ஏலத்தில் வந்ததை வைத்து வாப்பாவும் நானும் போய் அந்த வீட்டை முடித்தோம். வீட்டு உறுதிப் பத்திரம் ஷிபானாவின் பெயரில்தான் இருக்கிறது, அப்படியே இருக்கட்டும். என்றைக்காவது உங்களுக்குள் கோபதாபம் வந்தால், "என்ட உம்மா கட்டின வீடு" என்ற சொல் உன் வாயில் வரக்கூடாது. வந்தால் அதைவிடப் பெரிய களவு இல்லை.

கடிதத்தைக் கண்டதும் அந்த ஏல நிறுவனத்துப் பெண் உன்னோடு வீடியோவில் கதைத்தாளே, அன்றைக்கு நான் உனக்குப் பின்னால் நின்றேன். இந்தக் கதையைப் பட்டியலில் படத்தோடு போட்டால் விலை கூடும், போடட்டுமா என்று கேட்டாள். நீ திரும்பி என்னைப் பார்த்தாய். வேண்டாம் என்றேன். ஹெஸ்ஸாவின் நோயும் அவளுடைய மௌத்தும் ஏலத்தில் கூறுவதற்கு இல்லை. ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது என்று மட்டும் எழுதச் சொன்னோம். நீ ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. என் பிள்ளையை நான் சரியாகத்தான் வளர்த்திருக்கிறேன் என்று நினைத்தேன்.

பை அங்கே போய்ச் சேர்ந்த பிறகு அவர்கள் அனுப்பிய அறிக்கையை நீ எனக்கு வாசித்துக் காட்டினாய். கைப்பிடியில் சற்றுக் கறுமை. அடியில் ஒரு மூலையில் உராய்வு. உட்புறத்தில் மெல்லிய கராம்பு வாசனை. வாப்பா சிரித்துக்கொண்டே இருந்தார். எனக்கு அந்தக் கறுமை யாருடைய கையால் வந்தது என்று தெரியும். மருந்து பூசிய விரலால் தினமும் அவள் அதைப் பிடிப்பாள்.

ஏலம் நடந்த நாள் நம் வீட்டில் அஸர் தொழுதுவிட்டு மூன்று பேரும் உன் லப்டொப்புக்கு முன்னால் இருந்தோம். உள்ளே சத்தமே இல்லாத பெரிய மண்டபம். முன்னால் ஒரு மனிதர் சின்ன மரச் சுத்தியலோடு நின்றார். ஓரத்தில் வரிசையாகப் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஆட்கள். "நம்மட கடற்கரையில மீன் ஏலம் கூறுற மாதிரித்தான் கிடக்கு, சத்தம்தான் இல்ல" என்றார் வாப்பா. நம் பை திரையில் வந்தது. வெளிச்சத்தில் அந்த நாவற்பழ நிறம் என்ன அழகு. நான் ஒருநாளும் அதை அப்படிக் கண்டதில்லை. இலக்கம் ஏறத் தொடங்கியது. ஒருத்தி விரலைத் தூக்குவாள், ஏறும். இன்னொருத்தி போனில் ஏதோ கிசுகிசுத்துத் தலையை ஆட்டுவாள், மறுபடி ஏறும். நீ முதலில் ரூபாயில் சொல்லிக்கொண்டு வந்தாய், பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாய். வாப்பா இறக்காமத்தில் ஆயுள் முழுக்க விதைத்து வெட்டினாலும் எட்டாத இடத்துக்கு அது போய்விட்டது. சுத்தியல் ஒரே ஒரு தட்டு. நாம் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. வாப்பா மெதுவாக "சுப்ஹானல்லாஹ்" என்றார். நீ என் தோளில் தலையை வைத்து, "உம்மா, அண்டைக்கு அப்பிடிக் கேட்டதுக்கு என்னைய மன்னிச்சுக்கங்க" என்றாய். நான் உன் தலையைத் தடவினேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவள் நான் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன்.

இனி கடைசி விஷயம். நீ கொழும்புக்குத் திரும்பிய பிறகு நடந்தது, இதை இன்னும் யாருக்கும் சொல்லவில்லை. கடிதத்தில் இருந்த இலக்கத்துக்கு ஏலத்துக்கு முன்பே எடுத்துப் பார்த்தோம், போகவில்லை. அந்த நாட்டில் இப்போது எண்ணுக்கு முன்னால் இன்னொரு இலக்கம் சேர்த்திருப்பதை நீ தேடிப் பிடித்து எனக்கு அனுப்பினாய். போன வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு வாப்பா பள்ளிக்குப் போன நேரம் தனியே இருந்து எடுத்தேன். ஒரு ஆண் குரல். மாமாவின் மகன். எனக்கு அரபு முக்கால்வாசி மறந்துவிட்டது. "உம்மு அஸ்மி, ஸ்ரீலங்கா" என்று மட்டும் சொன்னேன். பிறகு அவர், "உம்மாவுக்கு இப்போது ஞாபகம் எல்லாம் போய்விட்டது, என்னைக்கூடச் சில நாள் தெரியாது, ஆனாலும் கதையுங்கள்" என்று சொல்லிப் போனைக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

நான் அழுதுகொண்டே சொன்னேன். மாமா, நீங்கள் தந்த பையை விற்றுவிட்டேன், ஹெஸ்ஸாவின் பையை விற்றுவிட்டேன், என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்றேன். "என்ன பை?" என்று கேட்டார். கடிதம் எழுதினீர்களே என்றேன். அதுவும் தெரியவில்லை. ஹெஸ்ஸா என்ற பெயரைச் சொன்னபோதுகூட, "பள்ளிக்கூடம் விட்டு இன்னும் வரவில்லை" என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். நீ யார் என்று கேட்டார். உம்மு அஸ்மி என்றேன்.

அப்போது அந்தக் குரல் மாறியது மகன். பழைய மாமாவின் குரல். "அஸ்மிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதா?" என்று கேட்டார்.

உனக்கு அது அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கும். நான் நாற்பதுக்கு முன் அவசரமாக ஊர் திரும்பியது உனக்கு டெங்கு வந்து கல்முனை ஆஸ்பத்திரியில் கிடந்ததால்தான். தன் பிள்ளையைப் புதைத்த மண் காயுமுன் அந்த மனுஷி என் பிள்ளைக்காக டிக்கட் எடுத்து என்னை அனுப்பிவைத்தார். நான் வந்து சேர்ந்த பிறகு சந்தியில் இருந்த போன் கடைக்கு மூன்று முறை எடுத்து என்னைக் கேட்டாராம். கடைக்காரன் ஆள் அனுப்பினான். வளையல் தராத கோபத்தில், திரும்ப வேலைக்குக் கூப்பிடத்தான் எடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, நான் போகவில்லை. அவருக்கு யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு பையை மறந்தார், கடிதத்தை மறந்தார், தன் மகள் மௌத்தானதையே மறந்தார். உன் காய்ச்சலை மட்டும் மறக்கவில்லை.

"விட்டிட்டு மாமா. சுகமாகி, வளந்து, அடுத்த வெள்ளி அவனுக்குக் கலியாணம்" என்றேன். அரபிலா தமிழிலா சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவருக்கு விளங்கியது. "அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிறகு, வீட்டுக்குப் பிந்தி வந்த மகளை ஏசுவது மாதிரி, "இதை எனக்கு முதலே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, நான் எவ்வளவு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்" என்றார்.

இலக்கத்தை இந்தத் தாளின் மறுபக்கத்தில் எழுதியிருக்கிறேன். நிக்காஹ் முடிந்து நீ அந்த வீட்டுக்குள் போய் இருந்ததும், ஷிபானாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எடு. நான் சொன்னதை அவர் இதற்குள் மறந்திருப்பார். மறுபடியும் கேட்பார். நீயே உன் குரலில் சொல்லு, சுகமாக இருக்கிறேன் என்று.

உன் உம்மா